சரிவு அப்படியே இருக்கட்டும்

"ஒரு கூடை மண்ணுகூட இங்க கொட்டக் கூடாதும்மா. இப்பவே சொல்லிப்புட்டேன்!"

கலையரசன் போட்ட அதட்டலில் தேவதர்ஷினியின் கையிலிருந்த வரைபடம் நழுவப் பார்த்தது. சிவில் இன்ஜினீயரிங் முடித்து, இன்னொருவரிடம் வேலை பார்த்து, இப்போதுதான் தனியாக போர்டு மாட்டியிருந்தாள். அவளை நம்பி வந்த முதல் வீடு இது. திருவெறும்பூர் தாண்டி, மேற்கே உயர்ந்து, கிழக்கே ரோட்டைப் பார்த்து மெல்லச் சரிகிற மனை. இது கைவிட்டுப் போனால் அடுத்தது எப்போது வருமோ, ரங்கநாதருக்கே வெளிச்சம்.

"சார், இது ஒண்ணும் பெரிய சரிவு இல்ல. முன்பக்கம் கொஞ்சம் மண்ணடிச்சு நிரவிட்டா வாசல் மட்டமாயிடும். கேட்டை ஒட்டியே போர்ட்டிகோ வச்சுடலாம். வந்தீங்களா, வண்டியை விட்டீங்களா, இறங்கினீங்களான்னு இருக்கும்."

"கார் ஷெட்டு பின்னாடி, அந்த மேட்டுல வரணும். அங்கேருந்து கேட் வரைக்கும் நேரா பாதை. நடுவுல தொட்டி, செடி, வளைவு, ஒரு மண்ணும் கூடாது."

"வாசல் மட்டமா இருந்தாத்தானேங்க ஒரு கோலம் போட முடியும்?" பின்னால் நின்றிருந்த அவர் மனைவி யமுனா மெதுவாகக் கேட்டாள்.

"போடேன். கோலம் என்ன உருண்டா ஓடிடப் போவுது?"

யமுனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அழுகிறாளோ என்று தேவதர்ஷினிக்குப் பாவமாக இருந்தது. இந்த மனுஷரைக் கட்டிக்கொண்டு அந்தம்மா என்ன பாடு படுகிறாரோ!

"கோவிச்சுக்காதீங்க சார். சரிவு ஏன் வேணும்னு சொன்னீங்கன்னா, அதுக்குத் தகுந்தாப்பல நான் யோசிப்பேன்."

கலையரசன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"உறையூர்ல ஒரு மனை வந்துச்சு. பலகை மாதிரி மட்டம். வேணாம்னுட்டேன். அரியமங்கலத்துல ஒண்ணு, சல்லிசா வந்துச்சு. அதுவும் மட்டம். புரோக்கர் ஜமால் என்னைத் திட்டாத குறைதான். இதைப் பாத்தேன், அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டேன். நிலம் எப்படிப் பொறந்துச்சோ அப்படியே இருக்கணும்மா. அதை மாத்த நாம யாரு?"

தேவதர்ஷினிக்குச் சிலிர்த்துவிட்டது. மனை வாங்கிய மறுநாளே பொக்லைனைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஊரில், மண்ணுக்கு மரியாதை கொடுக்கிற ஒரு மனுஷர்! வகுப்பில் புரொபசர்கள் தொண்டை கிழியச் சொன்னதை இவர் ஒரே வரியில் சொல்லிவிட்டாரே!

மேட்டில், ரோட்டைப் பார்த்தபடி அவருடைய வெள்ளை அம்பாசடர் நின்றது. முன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து ஒரு செங்கல். கலையரசன் போய் பானெட்டைத் தட்டிக் கொடுத்தார்.

"இவ டாக்ஸியா ஓடித்தான் ரெண்டு பொண்ணுங்களையும் கட்டிக் குடுத்தேன். இந்த மனையும் இவ சம்பாதிச்சதுதான். ஸ்ரீரங்கம் ஸ்டாண்டுல யாரை வேணா கேளுங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு மெக்கானிக் கை இவ மேல பட்டதில்ல. கம்பெனியில வந்த சாமான் அப்படியே இருக்கு. எவன் வண்டிக்கு இருக்கு இந்தப் பேரு?"

தேவதர்ஷினி அதற்குமேல் வாதாடவில்லை. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள், பழைய வரைபடத்தைத் திருப்பிப் போட்டாள், பென்சிலை எடுத்தாள்.

தாளில், சரிவோடு சரிவாக வீடும் ஏறியது. கீழே கூடம், இரண்டு படி ஏறினால் சாப்பாட்டு அறை, இன்னும் இரண்டு படி ஏறினால் படுக்கையறை. பக்கவாட்டில், மேட்டு உச்சியில் கார் ஷெட். அங்கிருந்து கேட்டுக்கு ஸ்கேல் வைத்த மாதிரி ஒரு சிமென்ட் பாதை. நிலைவாசலுக்கு முன்னால் மட்டும், கோலம் போடுகிற அளவுக்கு மட்டமாக ஒரு சின்ன மேடை.

"அட, எனக்கும் இடம் விட்டிருக்கே!" யமுனாவின் முகம் மலர்ந்தது.

கலையரசன் தாளை வாங்கி, விரலால் அந்தப் பாதையை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். "அடேங்கப்பா! இதான்மா என் வீடு. நல்ல நாள் பாத்து வேலையை ஆரம்பிச்சுடுங்க."

அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "என் முதல் வீட்டை, நிலத்தோட அருமை தெரிஞ்ச உங்களுக்குக் கட்டிக் குடுக்கறது எனக்குப் பெருமை சார்."

"அதெல்லாம் ரத்தத்துல வரணும்மா," என்று அவர் கொஞ்சமும் கூசாமல் ஏற்றுக்கொண்டார். "பஸ்ஸுக்கு ஏன் நிக்கறீங்க? வண்டியில ஏறுங்க, சத்திரம் பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்."

தேவதர்ஷினி பின் சீட்டில் உட்கார்ந்தாள். யமுனா குனிந்து சக்கரத்தடியிலிருந்த செங்கல்லை உருவி, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு தேவதர்ஷினிக்குப் பக்கத்தில் ஏறினாள். கலையரசன் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை விட்டார். கார் பூனை மாதிரி சரிவில் இறங்கியது. ரோட்டை நெருங்கும்போது கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, உறுமிக்கொண்டு உயிர் பெற்றது.

"பாத்தீங்களா, எப்படி எடுக்குதுன்னு!" என்றார் கலையரசன், கண்ணாடியில் இவளைப் பார்த்துப் பெருமையாக.

யமுனா செங்கல்லை மடியில் வைத்துக்கொண்டு, பொங்கி வந்த சிரிப்போடு அவள் காதில் கிசுகிசுத்தாள்.

"வண்டியை ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் செத்து வருஷக்கணக்காச்சும்மா, மெக்கானிக்கிட்ட விட்டா ஸ்டாண்டுல மானம் போயிடுமாம். ஊர்ல அவனவன் மோட்டாரை மாத்துவான், இவரு மனையையே வாங்கிட்டாரு!"