அசையாத கை

பக்கவாதத்தில் பேச்சும் போய்விட்ட தனிஸ்லாஸை, மனைவி ரெஜினா தினமும் சக்கர நாற்காலியில் தோட்டத்துக் கொய்யா மரத்தடிக்குக் கொண்டுவந்து விடுவாள். மரத்துப்போன வலக்கையில் கொஞ்சம் சோற்றுப் பருக்கைகளை வைத்துவிட்டுப் போவாள். தூரத்திலேயே நின்ற தவிட்டுக்குருவி ஒன்று, பல மாதம் கழித்து மடிக்கு வந்தது. பிறகு உள்ளங்கையிலேயே ஏறி நின்று தின்றது. அதன் கால் படுவதுதான் அவருக்குத் தெரியவில்லை.

இன்று தெரிந்தது. கூச்சத்தில் சுண்டுவிரல் துடித்தது. குருவி அலறிக்கொண்டு மதில்மேல் பறந்தது.

"ஏங்க, விரலு அசைஞ்சுதே! நான் பாத்தேன்!" ரெஜினா அழுதபடி ஓடிவந்து காலடியில் உட்கார்ந்தாள். "எனக்காக இன்னொரு தடவ அசைங்க."

முடியும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. மதில்மேலிருந்து குருவி தலையைச் சாய்த்து அந்தக் கையையே பார்த்தது. தனிஸ்லாஸ் கையை அப்படியே கிடக்கவிட்டார்.