ஏழாவது மன்னிப்பு

ஏழு ஊர்களைச் சாம்பலாக்கிய கருங்கழுகு என்னும் படைத்தலைவன், அந்த ஏழு ஊர்களிலும் மண்டியிட்டு மன்னிப்புப் பெற்றால் மறுபடி மனிதனாவான் என்று குகைமுனிவர் அருளியபோது, மலையே ஒருமுறை அதிர்ந்தது.

அதிர்ந்ததாகச் சொன்னவர் பாணர். அவர் கருங்கழுகின் சோற்றைத் தின்பவர்.

ஆறு ஊர்களில் வேலை சுலபமாக முடிந்தது. கவசம் போட்ட ஒருவன் உருவிய வாளோடு மண்டியிட்டால் யார்தான் மன்னிக்க மாட்டார்கள்?

ஏழாவது ஊரில் மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தி, தச்சனின் மனைவி. ஊர் எரிந்த அன்று அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்ததால் தப்பியவள்.

கருங்கழுகு மண்டியிட்டபோது அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவன் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்து முடிக்கும்வரை உரித்தாள். பிறகு தட்டை ஓரமாக வைத்தாள்.

“எங்க வீட்டுக்காரரை எங்க போட்டு மூடுனீங்கன்னு காட்டுங்க ஐயா, மன்னிச்சுடறேன். தச்சர் தெருவுல ஒருத்தர் விடாம உங்க கையாலதான் செத்தாங்கன்னு பாட்டுல வருதே.”

கூடவே வந்திருந்த பாணர் திடீரென்று யாழின் நரம்பைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

கருங்கழுகு தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தான். பிறகு, கரிந்து நின்ற ஒரு மரத்தின் அடியைக் கம்பீரமாகச் சுட்டிக்காட்டினான்.

அவள் உள்ளே போய் மண்வெட்டி கொண்டுவந்தாள். இரண்டு. ஒன்றை அவனிடம் நீட்டினாள்.

முழங்கால் ஆழத்தில் எலும்பு தட்டுப்பட்டது. அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பாணர் அவசரமாகப் பாட்டில் ஓர் அடி கட்டினார்.

அவள் குழிக்குள் இறங்கி, இடது கால் எலும்பை மட்டும் எடுத்துத் துடைத்துப் பார்த்தாள். அவள் புருஷன் கூரையிலிருந்து விழுந்து கால் உடைந்தவன். எலும்பு கோணலாகத்தான் கூடியிருந்தது.

இது நேராக இருந்தது.

“இவரில்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நொண்டி நொண்டி ஓடியிருப்பாரே, மறக்கிற ஓட்டமா அது?”

அவன் கிணற்றடியைக் காட்டினான். அங்கேயும் எலும்பு வந்தது. அந்த ஊரில் எங்கே தோண்டினாலும் வரும்.

கிணற்றடியில் கிடைத்தது ரொம்பச் சின்னதாக இருந்தது. அவள் அதைத் துணியில் சுற்றி, எடுத்த இடத்திலேயே வைத்து மூடினாள்.

அவனுடைய இரட்டைத்தலைக் குதிரையின் ஒரு தலை மேய்ந்துகொண்டிருந்தது. இன்னொரு தலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொழுது சாய்ந்தது. கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டான். கை கொப்பளித்துவிட்டது. அவள் குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. இந்த ஆளையும் விட்டுவிட்டால் வேறு கதியில்லை என்ற கவனம் மட்டும்தான்.

“அவர் கிடக்கிற இடம் தெரிஞ்சவர்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான் ஐயா.”

அவன் வாயைத் திறந்தான். பாணரைப் பார்த்தான். மூடிக்கொண்டான். வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினான்.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஊர் எரிந்த அன்று, அவன் கொளுத்தச் சொன்னதோடு சரி. அதையும் ஆற்றுக்கு அக்கரையில், ஒரு புதர் மறைவில் குந்தியபடியே சொன்னான். அன்று அவனுக்கு வயிற்றுப்போக்கு.