கழுத்துப் பட்டை சொன்ன அளவு

முதுகுத்தண்டு வளைந்திருந்த பதினொரு வயது இதழினிக்கு அன்று அறுவைச் சிகிச்சை. அவள் கழுத்தில் ஒட்டிய ஒலியலைப் பட்டை மூச்சுக்குழாயை அளந்து, மயக்கத்தில் மூச்சுவிட அதற்குள் செலுத்தவேண்டிய டியூபின் அளவை "ஐந்தரை மில்லிமீட்டர்" என்று அறிவித்தது.

"பதினோரு வயசுக்கு ஆறுதான். ஆறு எடுங்க," என்றார் மயக்க மருத்துவர் திலோத்தமா. இருபது வருடமாக வயதை வைத்தே கணக்குப் போட்டவர். செவிலியர்களின் முன்னால் ஒரு பட்டை தனக்குச் சொல்லித் தருவதை அவரால் பொறுக்க முடியவில்லை. டியூப் இறுக்கமாகத்தான் இறங்கியது.

முதுகு நேரானது. ஆனால் மூன்றாம் நாளும் இதழினிக்குக் குரல் சரியாக எழும்பவில்லை.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தாம்மா இருக்கும்," என்று அவளுடைய அம்மா பொன்னரசியிடம் சொன்னார் திலோத்தமா.

இதழினி அவரையே பார்த்தாள். "டாக்டர், அது அஞ்சரைன்னு சொல்லிச்சே. அப்போ நான் தூங்கலை." பாதிச் சொற்கள் வெறும் காற்றாக வந்தன.

திலோத்தமாவுக்கு முகம் எரிந்தது. தரையைப் பார்த்தபடி, "ஆமா. நான்தான் கேக்கலை. இப்ப பொய்யும் சொல்லிட்டேன். தொண்டை உள்ள வீங்கியிருக்கு. குரல் எப்ப வரும்னு எனக்குத் தெரியலை," என்றார்.

பொன்னரசி போர்வையை இழுத்து மகளின் கழுத்துவரை மூடினார்.