வொய்லா

“வொய்லா! காபி.”

மருமகள் கோப்பையை மாமனார் முன்னால் வைத்தாள். மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேக் கடையில் கிரீம் பூ போடுகிற வேலை மருமகளுக்கு. அங்கே தொற்றிக்கொண்ட பிரெஞ்சு வார்த்தை இது. கொஞ்ச நாளாகத் தட்டு வைத்தால் வொய்லா, தண்ணீர் வைத்தால் வொய்லா.

“அப்படின்னா என்னதாண்டி அர்த்தம்?”

“‘இதோ’ன்னு அர்த்தம் அத்தை. வேலை முடிஞ்சதும் ‘ஆச்சு, அவ்வளவுதான்’னும் சொல்லலாம். பெட்டியைத் திறந்து கேக்கைக் காட்டும்போது ‘டடடாங்’னு சொல்றோமே, அதுக்கும் இதேதான். வார்த்தையைப் பிரிச்சா ‘அங்கே பாரு’ன்னு வரும்.”

“மூக்குக்கு முன்னாடி வைக்கிறதைப் பாருன்னு வேற சொல்லணுமாக்கும்! எல்லாம் பீத்தல்.”

மருமகள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லிட்டுப் போறா, விடேன்” என்றார் மாமனார். “நீ பேப்பரைப் படி. உன் குரல்ல கேட்டாத்தான் செய்தியே ருசிக்குது.”

மாமியாருக்கு உள்ளூரக் குளிர்ந்துபோனது. இத்தனை வருஷம் கழித்து மனுஷனுக்குத் தன் குரல் மேல் இப்படியொரு ஆசை! இருந்தாலும் மருமகளை விடுவதாக இல்லை.

“நாளைக்கு என் தங்கச்சி சாப்பிட வர்றா. அவ காதுல ஒண்ணு விழுந்தா ஊர் பூரா பரப்பிடுவா. அவ முன்னாடி இந்த வொய்லா கிய்லா எதுவும் கூடாது.”

“அத்தை, அது வந்து...”

“கூடாதுன்னா கூடாது.”

மறுநாள் மேஜையில் புது வெள்ளை விரிப்பு, வெள்ளைக் கிண்ணங்கள். காளான் சூப்கூட வெள்ளை வெளேர் என்று இருந்தது. மருமகள் மூச்சுக் காட்டாமல் பரிமாறிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். மாமியாருக்குப் பரம திருப்தி.

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். மாமனார் மட்டும் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“என்ன அத்தான், சாப்பிடலையா?” என்றாள் தங்கை.

“இன்னும் வைக்கலையேம்மா” என்று அவர் சிரித்தார்.

கிண்ணம் அவருக்கு நேர் எதிரே இருந்தது.

மாமியார் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். மருமகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “என்னடி ஆச்சு அவருக்கு?”

“ரெண்டு கண்ணுலயும் புரை அத்தை. அடுத்த வாரம் ஆபரேஷன். பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். நீங்க பதறிடுவீங்கன்னு மாமாதான் சொல்ல வேண்டாம்னார். என் சத்தத்தை வெச்சுத்தான் எது எங்கே இருக்குன்னு கண்டுபிடிப்பார்.”

மாமியாருக்குப் பேப்பர் ஞாபகம் வந்தது. குரலாவது, ஆசையாவது! அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. மருமகளின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீருடன் மேஜைக்குத் திரும்பினாள்.

தங்கை அத்தானையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, எதிர்ல இருக்கிற கிண்ணம்கூட இவருக்கு...”

மாமியார் கிண்ணத்தைத் தூக்கி, டொக்கென்று வைத்தாள். “வொய்லா! சூப்.” வலது பக்கம் டம்ளரை வைத்தாள். “வொய்லா! தண்ணி.”

அவர் கை நேராகக் கரண்டிக்குப் போனது.

“என்னக்கா கூத்து இது?”

“கூத்தா? பிரெஞ்சு நாகரிகம்டி. என் மருமக சொல்லிக்கொடுத்தது. வொய்லா சொல்லாம எங்க வீட்டுல யாரும் வாய் வைக்க மாட்டோம். இதுகூடத் தெரியாம நீ பாட்டுக்குச் சாப்பிடறே!”

தங்கை கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

“எனக்கும் ஒண்ணு சொல்லிடுக்கா.”