தாலாட்டுக்குத் தடை

சிதம்பரம் பூதச் சண்டைக் குழுவில் ஓட்டெடுப்பு. ‘பூதச் சண்டை’ என்ற அந்தச் செல்போன் விளையாட்டில் ‘தாலாட்டு’ பாடினால் எதிராளியின் பூதம் மூன்று சுற்றுக்குத் தூங்கிவிடும். அதைத் தடைசெய்யலாமா?

“நாலுக்கு நாலு மச்சான். அட்மின் நீதான் முடிவு சொல்லணும்,” என்று கலைமணியிடம் சொன்னான் நண்பன் ஹேமசபேசன்.

கலைமணி முகம் தெரியாத ‘சிறுத்தை77’-ஐ நினைத்துக்கொண்டான். அந்த ஆள் இவனைப் பதினோரு முறை தோற்கடித்தது தாலாட்டால்தான். தூங்கவைத்துவிட்டு எங்கோ போய்விட்டு, சாவகாசமாக வந்து அடிக்கும்.

சிறுத்தை ஒரு வரி எழுதியிருந்தது: “அத மட்டும் விட்டுடுங்க.”

“ரெண்டு கையாலயும் ஒழுங்கா ஆடுடா,” என்று பதில் போட்டுவிட்டுத் தடைக்கு ஓட்டளித்தான் கலைமணி. தோற்ற வயிற்றெரிச்சலில் போட்ட ஓட்டு அது என்பது அவனையே உறுத்தியது. அதன்பிறகு சிறுத்தை விளையாட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடலூரில் அக்கா தமிழ்ச்செல்வியின் வீட்டுக்குப் போனான். தூளியில் இரண்டு மாதக் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“என்னக்கா, இப்புடி எளச்சிட்ட?”

“இவன் எங்கடா தூங்க வுடறான்? போன்ல ஒரு வெளயாட்டு இருந்துச்சு. எதிர்ல உள்ளவன தூங்க வச்சிட்டு ஓடியாந்து இவன ஆட்டிட்டுப் போவேன். அதயும் எவனோ அட்மினாம், தட பண்ணிட்டான். ரெண்டு கையாலயும் ஆடணுமாம்.”

கலைமணி தூளிக் கயிற்றை வாங்கிக்கொண்டான்.

“நீ போய் படுக்கா. நாளைக்கே தடைய எடுத்துடுவாங்க.”

“அது ஒனக்கு எப்புடிடா தெரியும்?”

அவன் தலை நிமிராமல் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தான்.