முதலிடத்தில் மார்லிஸ்

அமெரிக்காவின் டுலூத் நகர வணிகர் கூட்டத்தில் "இணையத்தில் உண்மையே முதலீடு" என்று முழங்கி, கைத்தட்டலும் கேடயமும் வாங்கிக்கொண்டு திரும்பிய இணைய விளம்பரக்காரன் கிரெய்க், அலுவலகத்துக்குள் நுழைந்ததும் செய்த முதல் வேலை, தான் பார்த்துக்கொள்ளும் ஹீட்டர் கம்பெனியின் தளத்தில் தானே எழுதிப் போட்டிருந்த நாற்பது பொய் விமர்சனங்களை அழித்ததுதான். பொய்யைப் பிடித்தால் தேடுபொறிக்காரர்கள் தளத்தையே பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்களாம்.

ஒரு மணி நேரத்தில், அந்தத் தளத்தில் போட்டிருந்த அவன் எண்ணுக்குப் போன் வந்தது.

"தம்பி, என் பேரு ஐனார். என் வீட்டுக்காரி மார்லிஸ் லிண்ட்க்விஸ்ட் எழுதினதை எதுக்கு எடுத்தீங்க?"

அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட ஓர் ஆள் வருவார் என்று கிரெய்க் நினைக்கவே இல்லை.

"நிஜ வாடிக்கையாளர்தானான்னு உறுதி பண்ண முடியல சார். எங்களுக்கு நேர்மைதான் முக்கியம்."

"ஹீட்டரெல்லாம் நாங்க வாங்கவே இல்லையே. இன்னிக்கும் விறகு அடுப்புதான்."

"அப்போ அது பொய்தானே சார்? எடுத்தது சரிதானே?"

"இருக்கட்டுமே. நவம்பர்லேர்ந்து தினம் காலைல காபியைக் கையில வச்சுக்கிட்டு அவ பேரைப் போட்டுத் தேடுவேன். பேப்பர்ல வந்த இரங்கல் அறிவிப்புதான் முதல்ல வரும். பிப்ரவரியில அதுக்கும் மேல இது வந்துது. 'இப்போ எனக்குக் குளிரவே இல்லை'ன்னு எழுதியிருந்தா."

கிரெய்க்கின் பார்வை, பெயர்களுக்காக மேசைமேல் அவன் சேர்த்து வைத்திருந்த இரங்கல் பக்கங்களில் விழுந்தது. செத்தவர்கள் புகார் சொல்ல வரமாட்டார்கள் என்பது அவனுடைய தொழில் ரகசியம்.

அழித்ததை மறுபடி ஏற்றினான்.

"வந்துட்டா!" என்றார் கிழவர். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "தம்பி, அடுத்தது எப்போ எழுதுவா?"