இஞ்சிக் கேக்கின் அளவு

தாம்பரம் மிஷன் பங்களாவின் சாப்பாட்டு மேசையில் நாலு மணி வெயில் சாய்ந்து கிடக்கிறது. அமெரிக்காவின் வெர்மாண்டிலிருந்து வந்து முப்பது வருஷமாக இங்கேயே இருக்கும் ஹெலன் அம்மா, இஞ்சிக் கேக்கை வாயில் வைத்துக் கண்களை மூடிக்கொள்கிறார். "இன்னாம்மா, துன்னுகினே தூங்கிட்டீங்களா?" என்கிறாள் சமையல்காரி தனம். "எங்க அம்மா கிச்சன்ல கீறேன்," என்று சிரிக்கிறார் அவர், தனத்திடம் கற்ற தமிழில். எதிரே தங்கையின் ஏரோகிராம் கடிதம் விரிந்திருக்கிறது. வெர்மாண்டின் பழைய பலகாரங்களைப் புத்தகமாகத் தொகுக்கும் தங்கை, தங்கள் அம்மா போட்ட கேக்கின் அளவுகளை எழுதி, சரிபார்க்கச் சொல்லியிருக்கிறாள். தனம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன், அமெரிக்காவிலிருந்து வந்த கரும்புப்பாகு டின்னைக் கொட்டிவிட்டு, பயத்தில் பனைவெல்லத்தைக் காய்ச்சி கேக் மாவில் ஊற்றினாள். அன்றுதான் இவர், "இதுதான் எங்கம்மா கேக்," என்று அழுதார். அதற்குப் பின் வந்த டின்களெல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் திறக்காமலே இருக்கின்றன. "தங்கச்சி மறந்துட்டா. அம்மா கேக்ல லேசா புகை வாசனை வரும். இந்தப் பாகு அளவு போதாது, இல்ல தனம்?" மின்சார ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போகிறது. அது ஓயும்வரை அவளுக்கு அவகாசம் இருக்கிறது. "ஆமாம்மா, போதாது," என்கிறாள். ஹெலன் அம்மா ஸ்கேலை வைத்து, தாயின் அளவின்மேல் நேராகக் கோடு இழுக்கிறார்.